ஒளித்து வைத்த அரை மணி நேரம்

1. எங்கள் தொழிற்சாலை வேனில் ஜிபிஎஸ் பொருத்தினார்கள். வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள் போனிலேயே பார்க்கலாம்.

2. பொருத்திய அன்று மாலையே, புத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில், எங்கள் வேனில் வரும் அக்கா முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, அவருடைய மாமியாரிடமிருந்து போன் வந்தது.

3. அக்கா போனை எடுக்கவில்லை. பப்ஸைத் தின்று முடித்தார். டீயையும் குடித்து முடித்தார்.

4. மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் பேக்கரிக்குப் போகவில்லை.

5. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசினார்.

நடந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னபோது, இப்போது திருப்பதியில் என்னோடு தங்கியிருக்கும் அறைத்தோழி, “ஒரு பப்ஸுக்கா இத்தனை பாடு?” என்று கேட்டாள். அக்காவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதனால் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் ஐந்தாவது வரிக்கு வர வேண்டும்.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் முதல் வேலையில் சேர்ந்திருந்தேன். யார் எந்த வேலையை எத்தனை அசைவில் செய்கிறார்கள், எங்கே கை சும்மா நிற்கிறது, எங்கே ஆள் தேவையில்லாமல் நடக்கிறார் என்று பார்த்துக் குறித்து, அதைக் குறைக்க வழி சொல்வது என் வேலை. அக்கா பேக்கிங் பிரிவில் இருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. குள்ளம். தலையை இழுத்து வாரி, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் கொண்டை போட்டிருப்பார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, “மணி எனக்குத் தெரிஞ்சா போதும்மா, ஊருக்கு இன்னாத்துக்கு?” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் புத்தூரில் இருந்து ஒரே வேனில் போய் வந்தோம். காலையில் எல்லோரும் தூங்குவார்கள். மாலை வேன்தான் அக்காவின் ராஜ்ஜியம்.

வேலை முடிந்து கிளம்பும் வேன், வரதய்யபாளையத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். சாலையோரத்தில் கீரையும் காயும் விற்கும் இடம் அது. “அஞ்சு நிமிசம்னா அஞ்சே நிமிசம், ரண்டி ரண்டி, வாங்க வாங்க!” என்று டிரைவர் அண்ணன் ஹாரனைத் தட்டிக்கொண்டே இருப்பார். பெண்கள் இறங்கி ஓடி வாங்கிக்கொண்டு வந்து ஏறுவார்கள். வேன் கிளம்பியதும், அக்கா ஒரு பழைய பெட்ஷீட்டை இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் விரிப்பார். எல்லோருடைய கீரையும், அவரைக்காயும், பூண்டும் அதில் வந்து விழும். பூண்டு உரிக்க ஒருத்தி. அவரைக்காய்க்கு நார் எடுக்க இருவர். முருங்கைக்கீரை உருவ ஜன்னலோரம் இருப்பவர்கள். அவரவர் காயை அவரவர் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஒரே வேலையை ஒரே கை செய்தால் வேகம் வரும் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் பழகிய விஷயம். “கம்பெனி சம்பளமும் குடுத்து இதையும் சொல்லிக் குடுத்துச்சே, சும்மா உடலாமா?” என்பார் அக்கா. புத்தூருக்கு முந்தைய ஊரான நாராயணவனம் வருவதற்குள் எல்லாம் பங்கு பிரிந்து பைகளுக்குப் போய்விடும். தண்டும் நாரும் டிரைவர் அண்ணன் வீட்டு மாட்டுக்கு.

கத்தி மட்டும் கூடாது. எனக்கு முன்பே வந்த சட்டம் அது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பீன்ஸ் நறுக்கலாம் என்று கத்தி கொண்டுவந்திருக்கிறாள். சத்தியவேடு தாண்டி எருமை ஒன்று குறுக்கே வர, டிரைவர் அண்ணன் பிரேக் போட, கத்தி பறந்து போய் அவருடைய சீட்டுக்கு அடியில் விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “இது வண்டியா, கல்யாண மண்டபத்து சமையக்கட்டா? இன்னைக்குக் கத்தி, நாளைக்கு அடுப்பு எடுத்துக்கினு வருவீங்களாம்மா?” என்று கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து கையால் முடிகிற வேலை மட்டும்.

சேர்ந்த புதிதில் நான் இதில் கலந்துகொள்ளவில்லை. மாலைப் பயணத்தை ஒரு ஆன்லைன் வகுப்புக்கு ஒதுக்கியிருந்தேன். காதில் இயர்போன், மடியில் போன். என் நாளை வண்ணக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்த செயலியில் அந்த நேரம் பச்சைக் கட்டம். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அக்கா ஒரு கை அவரைக்காயை என் மடியில் வைத்தார்.

“அக்கா, நான் படிச்சிக்கினு இருக்கேன்.”

“காதுதானே படிக்குது? கை சும்மாதானே கீது?”

தொழிற்சாலையில் நாள் முழுக்க நான் தேடுவதும் இதைத்தான்: சும்மா இருக்கும் கை. வகுப்பைக் கேட்டுக்கொண்டே நார் எடுத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் மட்டும் சொல்லிப் பார்த்தேன்: “அக்கா, இது நான் மிச்சம் புடிச்சி வெச்ச நேரம். நீங்க எடுத்துக்கினீங்க.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “நீ ஒளிச்சி வெக்கலியே! கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சா யாராச்சும் எடுத்துக்கத்தான் செய்வாங்க. மிச்சம் புடிக்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்லம்மா. எல்லாப் பொம்பளையும் புடிப்பா. புடிச்சத மறைக்கணும். அங்கதான் எல்லாரும் கோட்டை உட்டுடறாங்க.”

மறைப்பதில் அவர் எவ்வளவு தேர்ந்தவர் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். என் நைனாவுக்குத் தோள்பட்டையில் பிசகு ஏற்பட்டு, எண்ணெய்க் கட்டுப் போட அவரை அழைத்துப் போயிருந்தேன். கட்டுப் போடும் இடத்தில் கூட்டம். டோக்கன் வாங்கிவிட்டு, பக்கத்துத் தெருவில்தானே என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையத் துணி. மடியில் பாதி மடித்த துண்டு. அவருடைய கணவர் வாசலில் இருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அக்காவின் கை தானாகத் துண்டை மடித்தது. கணவர் போனதும் துண்டு பிரிந்து மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் அடுக்களையில் இருந்து வந்தார். துண்டு மறுபடி மடிந்தது. மாமியார் போனதும் மறுபடி பிரிந்தது.

“இன்னாக்கா இது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இதுவா? இது டூட்டி துண்டு,” என்றார், டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல். “கையில ஒண்ணும் இல்லாம உக்காந்தேன்னு வெச்சுக்கோ, சட்டைக்குப் பட்டன் தைக்கணும், பரண்ல இருந்து அண்டா எறக்கணும்னு வரிசையா வரும். துண்டு இருந்தா வராது. கூடையில கீற மீதித் துணியெல்லாம் காலையிலயே மடிச்சி, கலைச்சி வெச்சது.”

தொழிற்சாலையிலும் அவர் அப்படித்தான். ஒரு முறை பேக்கிங் மேசையை நான் அளந்தேன். பெட்டி ஒட்டும் டேப்பை வலது பக்கத்தில் இருந்து இடது பக்கத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு திரும்பல் குறையும் என்று கண்டுபிடித்து, மாற்றியும் வைத்தேன். அக்கா இரண்டு பெட்டி கட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் கீது. இடுப்பு திரும்ப வேணாம்,” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கேட்டார்: “இதுல மிச்சம் ஆவுறது யாருக்கும்மா?”

“லைனுக்கு, அக்கா. இன்னும் கொஞ்சம் பெட்டி கூட போகும்.”

“ஓ, இங்கயும் மாமியார் ஊடுதான்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் முதுகில் தட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். டேப் இடது பக்கமே இருந்தது. இடுப்பு வலி குறைந்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

பேக்கரி விஷயம் எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. வேனில் இருந்து இறங்கியதும் நான் நேராக வீட்டுக்குப் போவது வழக்கம். அன்று நைனாவுக்குப் பிறந்தநாள். கேக் வாங்கிப் போகலாம் என்று பேக்கரிக்குள் நுழைந்தேன். உள்ளே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு சின்ன மேசையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் முட்டை பப்ஸ், ஆவி பறக்க ஒரு டீ. போனைக் காணோம். நான் போய் எதிர் நாற்காலியை இழுத்தேன்.

“உக்காராதம்மா,” என்றார்.

நான் நின்றேன்.

“நீ உக்காந்தா பேசணும். நாளைக்கு வண்டியில பேசலாம். கோச்சிக்காத, போ.”

கேக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் வரவில்லை. இவ்வளவு தெளிவாக யாரும் என்னை விலக்கியதில்லை என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் வேனில் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார். வேன் ஆறரைக்குப் புத்தூர் வந்துவிடும். வீட்டில் ஏழு மணி என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆறரைக்கு இறங்கி, ஏழு வரை பேக்கரி. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனாலும் சமையல் வழக்கமான நேரத்துக்கே முடிந்துவிடும். கீரையும் பூண்டும் அவரைக்காயும் வேனிலேயே தயாராகிவிடுவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேனில் விரியும் அந்தப் பெட்ஷீட்டே இந்த அரை மணிக்காகத்தான் ஆரம்பித்ததாம். மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

“ஊட்ல நான் துன்னும்போது எதுவும் சூடா இருக்காது,” என்றார். “தோசைன்னா கடைசி தோசை. அதுவும் நின்னுக்கினு. ஒரு நாளைக்கு ஒரு பொருளு, சூடா, உக்காந்து, நானே துன்னணும். அவ்ளோதான். இன்னா, பெரிய ஆசையா?”

“துன்றதுக்கு அரை மணி ஆகுமா அக்கா?”

“துன்றதுக்குப் பத்து நிமிசம். மீதி, துன்னு முடிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கறதுக்கு.”

இது நான்கு வருடமாக நடந்துவருகிறது என்றார். வேனில் வரும் புத்தூர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொன்னதில்லை.

ஜிபிஎஸ் வந்தது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு மாலை, நாகலாபுரம் தாண்டி வேன் பழுதாகி நின்றுவிட்டது. போன் சிக்னலும் சரியாக இல்லை. நாங்கள் ஊர் சேர வெகு நேரம் ஆனது. அதற்குள் வீடுகளில் எல்லோரும் தவித்துப் போனார்கள். அக்காவின் மாமியார் குடை பிடித்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றிருந்தாராம். அக்காவைப் பார்த்ததும் திட்டினாராம். திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிட்டாராம். அதன் பிறகுதான் வேன் வைத்திருப்பவர் கருவியை வாங்கிப் பொருத்தி, வீட்டில் ஒருவருடைய நம்பரைக் கேட்டு லிங்க் அனுப்பினார். அக்கா வீட்டில் அது அவருடைய கணவரின் போனுக்குப் போனது. கணவர் அதை அம்மாவிடம் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டியிருக்கிறார். மாமியாருக்கு அந்தச் சின்ன வேன் படம் சாலையில் ஊர்ந்து வருவது ரொம்பப் பிடித்துவிட்டதாம். சீரியலை நிறுத்திவிட்டு அதைப் பார்த்திருக்கிறார்.

“ஸ்டேஷனாண்ட வந்து நின்னுச்சு. நின்னது நின்னபடியே கீது. நீ எங்க போன?” என்று அன்று இரவு கேட்டாராம். சிநேகிதி ஒருத்தியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லி அக்கா சமாளித்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து ஆறரைக்கே வீட்டுக்குப் போனார். அந்த வாரம் வேனில் பெட்ஷீட் விரிந்தது, ஆனால் அக்கா பேசவில்லை. கீரையை உருவுகிற வேகத்தில் காம்பும் சேர்ந்து போனது. டிரைவர் அண்ணன் ஏதோ கேலி செய்தார். “ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா” என்று அக்கா முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“முதல் நாளு, சீக்கிரம் வந்துட்டியா, இந்த அரிசியில கல்லு பாருன்னாங்க,” என்று அந்த வாரக் கடைசியில் என்னிடம் சொன்னார். “ரெண்டாம் நாளு, எதிர் ஊட்டு அம்மாவ டாக்டராண்ட இட்டுக்கினு போகச் சொன்னாங்க. மூணாம் நாளு அவரு, ‘இந்நேரத்துக்கு போண்டா போட்டா நல்லா இருக்கும்’ன்றாரு. நாலு வருசமா சாயங்காலம் எதுவும் கேக்காத மனுசன்! அடுத்த நாளும் போண்டா. இனிமே தெனம் போண்டாதான். அரை மணி போயிடுச்சும்மா. போன எடத்துல போண்டா வந்து ஒக்காந்துக்கிச்சு.”

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தை அவ்வளவு சோர்வாக நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த வழிகளை அவரிடம் வரிசையாகச் சொன்னேன். ஒன்று, வேன்காரரிடம் பேசி, நாராயணவனத்துக்குப் பிறகு அந்த வேன் படம் தெரியாதபடி செய்யலாம். அந்தக் கருவியில் அதற்கு வசதி இருந்தது. இரண்டு, இருப்பிடம் அரை மணி தாமதமாகக் காட்டும்படி வைக்கலாம். மூன்று, ஸ்டேஷனில் இறங்கியதும் கம்பெனிக்குப் போனில் ஏதோ கணக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லலாம்.

அக்கா மூன்றையும் கேட்டார். “வண்டி நின்னுபோச்சுன்னா அப்ப இன்னா பண்ணுவாங்க? அரை மணி முன்னாடி எங்க இருந்ததுன்னு பாத்து இன்னா பிரயோசனம்? அதை மாத்தக் கூடாதும்மா. அந்தப் பொம்பள மழையில நின்னுக்கினு இருந்துச்சு.”

“அப்ப மூணாவது?”

கையில் இருந்த பூண்டுப் பல்லை உரித்து முடித்தார்.

“பொய்ய மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்ற. நாலு வருசமா அந்த ஒரு பொய்யக் காப்பாத்தறதே ஒரு வேலையாக் கீது, தெரியுமா? பேக்கரியாண்ட தெரிஞ்சவங்க யாராச்சும் வராங்களான்னு பாக்கணும். வாயத் தொடைச்சிக்கினு போவணும். ராத்திரி பசி இல்லன்னா காரணம் யோசிக்கணும். வண்டி சீக்கிரம் வந்துட்டா, வராத மாதிரி நடக்கணும். அந்த அரை மணியில பாதி, ஒளிக்கறதுலயே போயிடுது. நீ இன்ஜினீரு, நீ சொல்லு, இது லாபமா?”

இப்படியான செலவு என் செயலியின் எந்த வண்ணக் கட்டத்திலும் இருந்ததில்லை. மறைத்து வைத்தால்தான் மிஞ்சும் என்று நாள்தோறும் சொன்னவரே, மறைப்பதற்கு ஆகும் செலவை இப்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கே அது அப்போதுதான் தோன்றியது போலிருந்தது. நாராயணவனம் வந்தும் பங்கு பிரிக்க மறந்துபோனார். “அக்கா, என் கீரை!” என்று பின் சீட்டுப் பெண் சத்தம் போட்ட பிறகுதான் பைகளை எடுத்தார்.

திங்கட்கிழமை மாலை வேனில் ஏறும்போதே தெரிந்தது, பேசிவிட்டார் என்று. பெட்ஷீட்டை உதறி விரித்த விதமே வேறாக இருந்தது. வரதய்யபாளையம் தாண்டியதும் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும், கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்: வேன் வருவது ஆறரைக்கு. நான் வருவது ஏழு மணிக்கு. நடுவில் ஸ்டேஷன் எதிரே பேக்கரியில் இருப்பேன். நாலு வருசமாக இருக்கிறேன். இனிமேலும் இருப்பேன்.

“அத்தைக்கு மொதல்ல புரியல,” என்றார். “‘ஏன்டி, ஊட்ல டீ இல்லியா?’ன்னாங்க. ‘இருக்குது அத்த, போட்டுக் குடுக்கறதுக்குத்தான் ஆளு இல்ல’ன்னேன்.”

வேனில் சிரிப்பு எழுந்தது. டிரைவர் அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தார். “ரோடு, ரோடு!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

“‘தனியா உக்காந்து துன்றியா? நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?’ன்னாங்க. ‘நாலு வருசமாப் பாத்துக்கினுதான் கீறாங்க அத்த, இது வரைக்கும் ஒண்ணும் சொல்லல’ன்னேன்.”

“அண்ணன் இன்னா சொன்னாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவரு டிவிய நிறுத்துனாரு. அப்புறம், ‘நானும் வரட்டா?’ன்னாரு.”

“ஐயோ!”

“‘வேணாம்’னுட்டேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. ‘ஞாயித்துக்கிழமை வேணும்னா வேற கடைக்குப் போலாம், அங்க வேணாம்’னேன். சரின்னுட்டாரு. ‘அப்ப போண்டா?’ன்னாரு. ‘ஏழு மணிக்கு மேல போண்டா துன்னா ராத்திரி சாப்பாடு எறங்காது’ன்னேன். அதோட போண்டா முடிஞ்சுது.”

மாமியார் மட்டும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாராம். திங்களும் செவ்வாயும் மருமகளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்கா அந்த இரண்டு நாளும் பேக்கரிக்குப் போனார். போனார் என்றாலும், டீ ருசிக்கவில்லை என்று புதன்கிழமை வேனில் சொன்னார். “ஒளிஞ்சிக்கினு குடிச்சப்பகூட இனிச்சுது. இப்ப சொல்லிட்டுக் குடிக்கறேன், கசக்குது.” அரை மணியைக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்ததாகச் சொன்னார்.

புதன்கிழமை இரவு, அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்றாராம். சுவரைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துச் சொன்னாராம்:

“எனக்கும் வேணும்.”

“இன்னா அத்த?”

“அதான். அரை மணி. எனக்கும்.”

அக்கா கையில் இருந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டார். “எப்ப வேணும் அத்த?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அப்ப ஊட்டப் பாக்க நீ இருப்ப. பால்காரன் வருவான், தண்ணி வரும். யாராச்சும் வந்தா உக்கார வெச்சுப் பேசணும். நானு இருக்க மாட்டேன்.”

“சரி அத்த.”

“எங்கன்னு கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

வியாழக்கிழமை இதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூண்டு உரித்த கையால் துடைத்ததால் இன்னும் நிறையக் கண்ணீர் வந்தது. நாங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியார் நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, பை ஒன்றும் எடுக்காமல், கை வீசிக்கொண்டு கிளம்பினாராம். ஏதோ கேட்க வாயெடுத்த மகனை அக்கா கண்ணால் அடக்கியிருக்கிறார். தண்ணீர் வந்தது, அக்கா பிடித்தார். பால்காரர் வந்தார். மாமியாரைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அக்கா உட்காரவைத்து காபி போட்டுக் கொடுத்துப் பேசினார். அரை மணி ஆனது. மாமியார் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

“அரை மணின்னுதானே சொன்னாங்க?” என்று நான் கேட்டேன்.

“நாப்பது வருசத்து அரியர்ஸ் கீது இல்ல, சேத்து எடுத்துக்கறாங்க,” என்றார் அக்கா.

அதற்கு விலை இருந்தது. ஞாயிறு மாலை அக்காவுக்கு இருந்த ஒரே நீண்ட ஓய்வு. துண்டும் கூடையுமாக டிவி முன்னால் உட்காரும் நேரம் அது. அதை முழுதாகக் கொடுத்துவிட்டார். வருத்தமா என்று கேட்டேன். “வருத்தம்தான். அந்த நேரத்துலதான் நல்ல படம் போடுவான்,” என்றார். பிறகு, “இது நல்ல பேரம்தாம்மா. தெனம் அரை மணி எனக்கு. வாரத்துக்கு ஒரு மணி அவங்களுக்கு. கணக்குப் பாத்தா நான்தான் லாபம். அவங்க கணக்குப் பாக்கறதுக்குள்ள கொஞ்ச காலம் போவட்டும்,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை பேக்கரி வழியாக நடந்துபோனேன். அக்கா மேசையை மாற்றியிருந்தார். கை கழுவும் இடத்துப் பக்கத்தில் இல்லை. கடையின் முன்பக்கம், கண்ணாடியோரமாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பப்ஸ் தட்டு காலியாக இருந்தது. டீ டம்ளரும் காலி. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

நான் அந்த வேலையை விட்டுத் திருப்பதிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்கா அதே பேக்கிங் பிரிவில்தான் இருக்கிறார். வேன் ஆறரைக்குப் புத்தூர் வருகிறது. அவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகிறார். அவருடைய மாமியார் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெளியே போய், சில சமயம் ஒரு மணி, சில சமயம் ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிறார். எங்கே போகிறார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாரும் கேட்பதும் இல்லை.